கரடுமுரடான மலைப்பாதைக்கு ஃபுல் சஸ்பென்ஷன் பைக்: எதை எந்த வரிசையில் பார்த்து வாங்குவது

முதன்முதலாக ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் வைத்த மலைப்பாதை சைக்கிள், வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு வருகிறார்கள். எந்த பிராண்ட், கார்பனா அலுமினியமா, கியர் எப்படி. மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இந்த பைக்குகளில் வாங்கிய பிறகு மாற்றவே முடியாதவை சில இருக்கின்றன: ஃபிரேமின் அளவு, அதன் கோணங்கள், பின்பக்க சஸ்பென்ஷன் வேலை செய்யும் விதம். டயர், பிரேக், ஹேண்டில்பார், கியர் எல்லாம் காசு கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் மாற்ற முடியாததிலிருந்து தொடங்கி மாற்றக்கூடியதை நோக்கி வருவதுதான் சரியான வரிசை, இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகும்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது கனடாவின் வான்கூவரை ஒட்டிய நார்த் ஷோர் மலைகளை. ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் என்று மூன்று மலைகள், நகரத்துக்கு அவ்வளவு பக்கத்தில். மழைக்காடு என்பதால் வருடத்தில் பாதி நாள் பாதை ஈரமாகவே இருக்கும், வேர்கள் வழுக்கும், பாறை செங்குத்தாக இறங்கும், நடுநடுவே மரப்பலகைப் பாலங்கள் வரும். இங்கே ஒழுங்காக ஓடும் பைக் உலகில் எந்தக் கரடுமுரடான பாதையிலும் ஓடும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் பாதை, அப்புறம்தான் பைக்

அக்ரெஸிவ் டிரெயில் என்று கடைகளில் சொல்வது இதைத்தான்: சொந்தக் காலால் மிதித்து மலையேறி, வேரும் பாறையும் நிறைந்த செங்குத்தான பாதையில் வேகமாக இறங்குவது. ஃப்ரோம் மலையில் லின் வேலிப் பக்கமிருந்து மவுண்டன் ஹைவே என்ற ஜல்லிச் சாலை வளைந்து வளைந்து மேலே போகிறது. புதியவர்களுக்கு உச்சிப் பக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அங்கிருந்து செவன்த் சீக்ரெட், எக்ஸ்பிரெஸோ போன்ற பாதைகளில் இறங்குவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதாவது நீங்கள் பைக்கின் மேல் செலவழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஏற்றத்தில்தான். இறக்கத்தை மட்டும் நினைத்து வாங்கிய கனமான பைக், மாலை வேலை முடிந்து ஒரு சுற்று போகலாம் என்று நினைக்கும்போது உங்களை வீட்டிலேயே உட்காரவைத்துவிடும்.

நீங்கள் வாராவாரம் போகப்போகும் பாதைகளை டிரெயில்ஃபோர்க்ஸ் ஆப்பில் பாருங்கள். பச்சை, நீலம், கறுப்பு, இரட்டைக் கறுப்பு என்று கடினத்தைக் குறித்திருப்பார்கள். வருடத்தில் இரண்டு தடவை போகும் விஸ்லர் பைக் பார்க்குக்காக வாங்காதீர்கள், அங்கே இறக்கத்துக்கென்றே செய்த டவுன்ஹில் பைக் வாடகைக்குக் கிடைக்கிறது. பெரும்பாலும் நீலம், அவ்வப்போது கறுப்பு, இன்னும் ஒரு வருடத்தில் கறுப்பே அதிகம் என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

டிராவல் எவ்வளவு வேண்டும்

டிராவல் என்றால் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது சக்கரம் நகரும் தூரம். பின்னால் 120, 130 மி.மீ. இருந்தால் அது சாதாரண டிரெயில் பைக். 160, 170 வந்தால் எண்டூரோ, அதாவது மிதித்து ஏறலாம் என்றாலும் கடினமான இறக்கத்துக்கு முதலிடம் கொடுக்கும் பைக். 200 என்றால் டவுன்ஹில், அதில் மலையேறுவதை மறந்துவிடலாம். நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது: பின்னால் 140 முதல் 150, முன்னால் 150 முதல் 160. பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே வடிவமைக்கப்படும் நார்கோ சைட், எல்லைக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் இருக்கும் டிரான்சிஷனின் சென்டினல் இரண்டும் பின்னால் 150, முன்னால் 160 என்ற கணக்கில் வந்தவை. டிரெக் ஃபியூயல் இஎக்ஸ், ஸ்பெஷலைஸ்ட் ஸ்டம்ப்ஜம்பர், கேன்யன் ஸ்பெக்ட்ரல் போன்றவை இதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் அளவுகள் மாறுகின்றன, ஆகையால் பெயரை நம்பாமல் அந்த வருட மாடலின் எண்களைப் பாருங்கள்.

டிராவல் கூடக் கூடத் தைரியம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல கோணங்களும் சரியான அளவும் கொண்ட 140 மி.மீ. பைக், பொருந்தாத 170 மி.மீ. பைக்கை விடப் பாதுகாப்பாக இறங்கும். புதியவர்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. டிராவல் குறைவாக இருந்தால் கீழே என்ன நடக்கிறது என்று கை காலுக்குத் தெரியும், எந்தத் தடத்தில் போவது என்று கண் பழகும்.

அளவும் கோணங்களும்: இங்கே அவசரப்படாதீர்கள்

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எஸ், எம், எல் என்ற எழுத்துகளை வைத்து வாங்க முடியாது. ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல்லுக்குச் சமமாக இருக்கும். பார்க்க வேண்டிய எண் ரீச். பெடல் அச்சுக்கு (இரண்டு பெடல் கைகளும் சுழலும் நடு அச்சு) நேர் மேலே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்முனையில் ஹேண்டிலைத் தாங்கும் குழாய்) மேல்வாய் வரை உள்ள கிடைமட்டத் தூரம் அது. நீங்கள் பெடல் மேல் எழுந்து நின்று இறங்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் இடத்தை இதுதான் முடிவு செய்கிறது. இப்போதைய பைக்குகளில் எம் என்றால் 450 மி.மீ. சுற்றி, எல் என்றால் 475, 480 சுற்றி இருக்கும். 170 செ.மீ. உயரமுள்ளவர் 445 முதல் 460 வரை பார்க்கலாம், 178 செ.மீ. இருப்பவர் 470 முதல் 485 வரை. இரண்டு அளவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், செங்குத்தான வேகமான இறக்கம் பிடித்தவர் பெரியதையும் நெருக்கமான வளைவுகளும் குதிப்பும் பிடித்தவர் சிறியதையும் எடுக்கலாம்.

ரீச்சை மட்டும் பார்த்து முடிவெடுத்தாலும் சிக்கல்தான். ரீச் நிற்கும்போது உள்ள நீளம், உட்கார்ந்து மிதிக்கும்போது உள்ள நீளம் எஃபெக்டிவ் டாப் டியூப். ஏற்றத்தில் உடம்பு இழுபடுகிறதா இடிபடுகிறதா என்பதை அதுதான் சொல்லும். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையம் போட்டு ஹேண்டிலை உயர்த்தினால், ஹெட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு 10 மி.மீ. உயர்வுக்கும் ரீச்சில் நாலு மி.மீ.க்கு மேல் குறையும். கேட்லாக்கில் இருக்கும் எண்ணும் உங்கள் கைக்கு வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட் டியூப் தரையோடு அமையும் கோணம், 64, 65 டிகிரி சுற்றி இருக்கட்டும். எண் குறையக் குறைய முன்சக்கரம் உங்களுக்கு அதிகம் முன்னால் தள்ளி நிற்கும், செங்குத்தான பாறையில் இறங்கும்போது தலைகுப்புறப் போய்விடுவோமோ என்ற பயம் குறையும். 63க்குக் கீழே போனால் மெதுவான ஏற்ற வளைவுகளில் முன்சக்கரம் அங்குமிங்கும் அலையும்.

சீட்டைத் தாங்கும் குழாயின் கோணமான சீட் ஆங்கிளைப் பலர் கண்டுகொள்வதே இல்லை, மவுண்டன் ஹைவே போன்ற ஏற்றம் இருக்கும் ஊரில் அது பெரிய தப்பு. 76 முதல் 78 டிகிரி வேண்டும். அப்போதுதான் உங்கள் இடுப்பு பெடலுக்கு மேலாக வரும், செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் தூக்காது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கேட்லாக் எண்ணை ஒரு குறிப்பிட்ட சீட் உயரத்தில்தான் அளக்கிறார்கள். நீண்ட கால் உடையவர்கள் சீட்டை அதற்கு மேலே தூக்கினால், சீட் இன்னும் பின்னால் போய்க் கோணம் சாய்ந்துவிடும். உயரமானவர்கள் இதைக் கடையில் சீட்டை முழுதாக ஏற்றி வைத்து உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சக்கரத்தைப் பொறுத்தவரை 29 இன்ச் வேர்களின் மேல் நன்றாக உருளும். முன்னால் 29, பின்னால் 27.5 வைத்த மல்லெட் அமைப்பில் பின்பக்கம் சுலபமாகத் திரும்பும், குட்டையானவர்களுக்குச் செங்குத்து இறக்கத்தில் டயர் பின்புறம் உரசாது. 165 செ.மீ.க்குக் கீழே இருப்பவர்கள் மல்லெட்டைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

பின்பக்க லிங்கேஜ்

பின்சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் அசையும் கைகள்தான் லிங்கேஜ். அதில் ஹார்ஸ்ட் லிங்க், விபிபி, டிடபிள்யூ லிங்க், சிங்கிள் பிவட் என்று பல வகை. ஒவ்வொரு கம்பெனியும் தன்னுடையதுதான் சிறந்தது என்று பக்கம் பக்கமாக எழுதும். வாங்குபவருக்கு இரண்டே கேள்வி போதும். உட்கார்ந்து மிதிக்கும்போது பின்பக்கம் ஊஞ்சலாடுகிறதா? பிரேக் பிடித்தபடி வேர்களின் மேல் இறங்கும்போது பின்சக்கரம் தரையோடு ஒட்டி ஓடுகிறதா? சாண்டா குரூஸின் விபிபியும் ஐபிஸ், பிவட் கம்பெனிகள் பயன்படுத்தும் டிடபிள்யூ லிங்க்கும் ஏற்றத்தில் இறுக்கமாக இருக்கும் என்று பெயர் வாங்கியவை, ஹார்ஸ்ட் லிங்க் பிரேக் பிடிக்கும்போது சுதந்திரமாக வேலை செய்யும். நடைமுறையில் ஒரு வகைக்குள்ளேயே நல்லதும் சுமாரானதும் இருக்கின்றன. சேறும் மழையும் உள்ள ஊரில் இருந்தால் பேரிங்குகளைச் சுலபமாகக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று கடையில் கேளுங்கள், இரண்டாவது வருடம் அந்தக் கேள்விக்காக சந்தோஷப்படுவீர்கள்.

ஃபோர்க், ஷாக்

ஃபாக்ஸ் 36, ராக்‌ஷாக்ஸ் லிரிக் என்ற இரண்டு ஃபோர்க்குகளும் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கவை) இந்த வகை பைக்குக்கே செய்தவை. 36 என்பது மேல் குழாயின் விட்டம் மி.மீ.யில், லிரிக்குக்கு அது 35. ஃபாக்ஸ் 34 மெலிந்தது, 75 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் கறுப்புப் பாதையில் இறங்கினால் முறுக்கிக்கொள்ளும். ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் ஸெப் இரண்டும் 38 மி.மீ., எண்டூரோவுக்குச் சரி, இங்கே அநாவசிய எடை.

ஃபோர்க்கின் பெயரை விட உள்ளே இருந்து அமுங்கும், எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பர்தான் முக்கியம். ஒரே லிரிக்கில் மலிவான டேம்பரும் வரும், நல்ல டேம்பரும் வரும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் நீண்ட இறக்கத்தின் பாதியில் கை வலிக்க ஆரம்பிக்கும்போது தெரியும். பின்பக்க சஸ்பென்ஷனுக்குக் காற்று அடைத்த ஏர் ஷாக் போதும். அதில் பிக்கிபேக் எனப்படும் தனி எண்ணெய் அறை இருந்தால் நல்லது, நீண்ட இறக்கங்களில் சூடேறினாலும் குணம் மாறாது. உலோக ஸ்பிரிங் வைத்த காயில் ஷாக் வழுவழுப்பாக வேலை செய்யும், ஆனால் உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் வாங்க வேண்டும், எல்லா ஃபிரேமுக்கும் அது பொருந்தவும் பொருந்தாது.

பிரேக்கும் டயரும்

பட்ஜெட்டில் கம்பெனிகள் கை வைக்கும் இடங்கள் இவைதான். முன்னும் பின்னும் நான்கு பிஸ்டன் பிரேக் வேண்டும், முன்னால் 200 அல்லது 203 மி.மீ. ரோட்டர் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு), பின்னால் குறைந்தது 180. ஷிமானோவின் நான்கு பிஸ்டன் டியோர் பிரேக் விலை குறைவுதான், ஆனால் வேலை பிரமாதம். நல்ல ஃபிரேமில் இரண்டு பிஸ்டன் பிரேக் போட்டு விற்றால் அதை மாற்றும் செலவை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். புது பிரேக்கை நேரே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். தட்டையான ரோட்டில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டாமல் நடை வேகம் வரை பிரேக் பிடித்து, மறுபடி வேகமெடுத்து, இப்படி இருபது தடவையாவது செய்தால்தான் பேட் ரோட்டரோடு பழகி முழுப் பிடி வரும்.

டயரில் ஈரமான வேருக்கு ரப்பரின் மென்மைதான் உயிர். மேக்சிஸ் கம்பெனியின் அசகாய் முன்னாலும் மினியன் டிஹெச்ஆர் 2 பின்னாலும் போடுவது நார்த் ஷோரில் சாதாரணமாகப் பார்க்கும் ஜோடி. முன்னால் மேக்ஸ்கிரிப் ரப்பர் எடுங்கள், சீக்கிரம் தேயும் என்றாலும் வழுக்கும் இடத்தில் காப்பாற்றும். பின்னால் மேக்ஸ்டெரா போதும், நீண்ட நாள் உழைக்கும். பக்கச் சுவர் எக்ஸோ பிளஸ் அல்லது டபுள்டவுன் ரகம். வெறும் எக்ஸோ கூரான பாறையில் கிழியும். டியூப்லெஸ் ஆக்கிவிட்டு, 75 கிலோ ஆளுக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ என்று ஆரம்பித்து, ரிம் பாறையில் இடிக்கிறதா என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறையுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

டிராப்பர் சீட் போஸ்ட்: பட்டனை அழுத்தினால் சீட் கீழே போகும், இறக்கத்தில் உடம்பை நகர்த்த இது இல்லாமல் முடியாது. சராசரி உயரத்துக்கு 170, 180 மி.மீ., உயரமானவர்களுக்கு 200க்கு மேல். ஃபிரேமுக்குள் அவ்வளவு தூரம் இறங்குமா என்று பாருங்கள்.

கியர்: 12 ஸ்பீடு, முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 51 அல்லது 52 பல் வரை. டியோர் தாராளமாகப் போதும். ஃபிரேமில் யுடிஹெச் ஹேங்கர் (பின் கியரைத் தாங்கும், பல கம்பெனிகளுக்கும் பொதுவான துண்டு) இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், வளைந்துபோனால் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கார்பனா அலுமினியமா: காசு தாராளமாக இருந்தால் கார்பன். கணக்குப் பார்ப்பவர் என்றால் அலுமினிய ஃபிரேமில் நல்ல டேம்பரும் நல்ல பிரேக்கும் உள்ள பைக்கை எடுங்கள், அதே விலைக்கு வரும் கார்பன் பைக்கில் இவற்றில்தான் குறைத்திருப்பார்கள். 15, 16 கிலோ எடை என்பது இந்த வகைக்கு இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பணம்

கனடாவில் இந்த வகையில் ஒழுங்கான புது அலுமினிய பைக் சுமார் 4,000 டாலரிலிருந்து தொடங்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சைக்கிளுக்கு மாகாண விற்பனை வரி கிடையாது, 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும்தான். பெடல் பெரும்பாலும் கூட வராது. ஹெல்மெட், முழங்கால் பேட், கையுறை, ஷாக் பம்ப், பெடல் என்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள், பைக்குக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முழங்கால் பேட் இல்லாமல் இறங்குவது வேண்டவே வேண்டாம். இலையுதிர் காலத்தில் அந்த வருட மாடல்களை விலை குறைத்து விற்பார்கள், பொறுத்திருக்க முடிந்தால் பொறுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கடை வாசலில் ஒரு சுற்று சுற்றினால் எதுவும் தெரியாது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து நீங்கள் வழக்கமாகப் போகும் பாதைக்கே கொண்டுபோங்கள். வாங்கினால் வாடகையை விலையில் கழிப்பீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள், பல கடைகள் ஒப்புக்கொள்ளும். சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கு அமைக்காமல் கிளம்பாதீர்கள். ஒரே பாதையில் இரண்டு மூன்று முறை இறங்கிப் பாருங்கள், முதல் தடவை எந்த பைக்கும் அந்நியமாகத்தான் இருக்கும்.

பழைய பைக் வாங்கினால்

பாதி விலைக்கு அருமையான பைக்குகள் கிடைக்கின்றன, பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பகலில், கழுவிய பைக்கைப் பாருங்கள். சீட்டைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள், பின்சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்கு முன் ஒரு சின்ன 'டக்' கேட்டால் லிங்கேஜ் பேரிங்கோ ஷாக் புஷ்ஷிங்கோ தேய்ந்திருக்கிறது. அது சரிசெய்யக்கூடியது, விலையில் குறைத்துக் கேட்கலாம். ஃபோர்க் குழாயின் மேல் நகத்தை ஓட்டுங்கள், கீறலில் நகம் மாட்டினால் எண்ணெய் கசியும், பழுது பார்ப்பது செலவு. ஹெட் டியூப் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றி, பின் முக்கோணத்தின் வெல்டிங் ஆகியவற்றில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், எந்த விலைக்கும் வேண்டாம். ஃபிரேம் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்குத்தான், அதையும் கணக்கில் எடுங்கள். வான்கூவரில் பைக் திருட்டு சகஜம் என்பதால் சீரியல் நம்பரை 529 கராஜ் என்ற பைக் பதிவுத் தளத்தில் தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள், வாங்கியதும் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

சேக் அமைப்பது முதல் வேலை. நீங்கள் ஏறி நின்றால் உங்கள் எடையிலேயே சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்க வேண்டும் என்ற அளவுதான் சேக். பின்னால் 30 சதவீதம், முன்னால் 15 முதல் 20. ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது ஷாக் முழுதாக அமுங்கும் தூரம், 60 மி.மீ. என்றால் 18 மி.மீ. அமுங்க வேண்டும். ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாம் மாட்டிக்கொண்டு சுவர் ஓரமாக பைக்கில் ஏறுங்கள். இரண்டு மூன்று தடவை குதித்து அமுக்கிவிட்டு, இறங்கும்போது நிற்பதுபோல இரண்டு பெடலிலும் எழுந்து நில்லுங்கள். ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கூட இருப்பவர் ஷாக்கின் உடம்போடு ஒட்டும்படி தள்ளிவிடட்டும். பிறகு குதிக்காமல், அதிராமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளந்து, அதிகம் அமுங்கியிருந்தால் ஷாக் பம்ப்பில் காற்று கூட்டுங்கள், குறைவென்றால் விடுங்கள். ஐந்து ஐந்து பிஎஸ்ஐயாக மாற்றினால் போதும். கிடைத்த எண்ணைப் போனில் குறித்து வையுங்கள்.

அடுத்து ரீபவுண்ட், அமுங்கியது திரும்பும் வேகம். சீட்டில் உட்கார்ந்தபடி நடைபாதை ஓரத்துப் படியிலிருந்து மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, ஒரு தடவை எழும்பி, அப்படியே நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை துள்ளினால் டயலை மெதுவான பக்கம் திருப்புங்கள், எழும்பவே சோம்பினால் எதிர்ப்பக்கம்.

முதல் இரண்டு மூன்று சவாரி முடிந்ததும் லிங்கேஜ் போல்ட், கிராங்க் (பெடல் மாட்டும் கை), ஸ்டெம் எல்லாவற்றையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, ஃபிரேமிலேயே எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள், புது பைக்கில் இவை தளரும். ஃபோர்க்கின் கீழ்க்குழாய் சர்வீஸை ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை செய்யச் சொல்கிறது, ஃபாக்ஸ் முழு சர்வீஸை 125 மணி நேரத்துக்கு ஒரு தடவை அல்லது வருடம் ஒரு தடவை. மழைக்காலம் முழுக்க ஓட்டுகிறவர்கள் இதற்கும் முன்பாகவே செய்வது நல்லது. கழுவும்போது பிரஷர் வாஷரைப் பேரிங், ஷாக் சீல் பக்கம் காட்டாதீர்கள், தோட்டத்து ஹோஸும் பிரஷும் போதும், கழுவியதும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு வையுங்கள்.